கதவுக்குப் பக்கத்துக் கதிரை

தொலைபேசிக்குக் குனிந்து வணக்கம் சொல்கிற ஒரு மனிதரை நான் முதன்முதலில் பார்த்தது நியூசிலாந்தில், ஓக்லண்டின் எல்லர்ஸ்லிப் பகுதியில். மரக்குற்றிகளைக் கொரியாவுக்கு ஏற்றி அனுப்பும் ஒரு கொம்பனியின் கிளை அலுவலகம். கணக்கும் கப்பல் பத்திரங்களும் பார்க்க நான் சேர்ந்த முதல் நாள். கொரியத் தலைநகர் சோலில் உள்ள தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அவர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். ரிசீவரைக் காதில் வைத்தபடியே இடுப்பு வரை குனிந்தார். மறுமுனையில் ஏதோ சொல்லியிருப்பார்கள், இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

வரவேற்பு மேசையில் இருந்த ஷெரில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொறு, இது சின்ன டைரக்டர்தான். பெரியவர் எடுத்தால் நெற்றி மேசையில் முட்டும்," என்றாள்.

அவர் எங்கள் புஜாங். அது பெயர் அல்ல, பதவி. நம்முடைய பாஷையில் பகுதித் தலைவர் என்று வைத்துக்கொள்ளலாம். கொரிய அலுவலகத்தில் மேலே இருப்பவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவருடைய பெயர் எனக்குத் தெரியும், விசிட்டிங் கார்டில் அழகாக அச்சடித்திருந்தது. ஆனால் என் வாயில் அது ஒருநாளும் வந்ததில்லை. இப்போது எழுத உட்கார்ந்தாலும் கை புஜாங் என்றுதான் எழுதுகிறது. ஷெரிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவளுக்கு உலகத்தில் எல்லோரும் 'லவ்'. புஜாங்கும் லவ், கூரியர்காரனும் லவ். முதல் சில மாதங்கள் அவள் அப்படி அழைக்கும்போதெல்லாம் புஜாங்குக்குக் காது மடல் சிவக்கும் என்று சொன்னார்கள். நான் சேர்ந்தபோது சிவப்பு நின்றுவிட்டிருந்தது. அதையும் ஒரு பதவி என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

அவருடைய உலகத்தில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு மேல் பக்கமும் ஒரு கீழ்ப் பக்கமும் இருந்தன. கதவிலிருந்து தூரத்தில், சுவருக்கு முதுகு கொடுத்து இருப்பது மேலிடம். கதவுக்குப் பக்கத்தில், பரிமாறுகிறவர்களின் முழங்கை இடிக்கிற கதிரை கீழிடம். சோலிலிருந்து பெரியவர்கள் வரும்போது உணவகத்தில் இடம் பதிவு செய்வது என் வேலை. எந்த உணவகத்தைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி.

"மிஸ்டர் நாதன், கதவு எங்கே?"

சாப்பாடு எப்படி என்று கேட்டதே இல்லை. ஒருமுறை துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஓர் உணவகத்தில் எதிரெதிரே இரண்டு கதவுகள். முதல் நாளே தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கடலுக்காகக் கட்டியிருக்கிறார்கள், மனிதர்களுக்காக இல்லை," என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பதிவை நான் ரத்துச் செய்தேன்.

தனக்கு மேலே வைக்க ஒருவர் கிடைத்துவிட்டால் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. அவரை மேலிடத்தில் வைத்து, கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் தான் உட்கார்ந்து, யாருடைய கிண்ணம் காலியாகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். எங்களோடு மட்டும் சாப்பிட வந்தால் அவர்தான் பெரியவர், மேலிடத்தில் உட்காரவேண்டும். அப்போது கலியாணப் படத்துக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி விறைத்துப்போய் இருப்பார். ஓக்லண்டில் அவருக்குச் சமமாக ஒருவருமில்லை. மேலே சோல், கீழே நாங்கள். மத்தியானத்தில் தன்னுடைய காருக்குள் இருந்து தனியாகச் சாப்பிடுவதைக் கண்டிருக்கிறேன்.

இதெல்லாம் எனக்குப் பழக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் ஆருக்குக் கதிரை, ஆருக்கு நிலம் என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடும். கொரியர்கள் பாவம், பிறந்த வருடத்தையாவது கேட்டுவிட்டு முடிவு செய்கிறார்கள். மரியாதை விஷயத்தில் அவர்களுக்கு நான் பாடம் எடுக்கலாம் என்ற நினைப்போடு போனவனுக்கு, இரண்டு கையாலும் பேனா கொடுக்கவேண்டும் என்பதைப் படிக்கவே ஒரு குளிர்காலம் ஆயிற்று.

மேலதிகாரி எழும்பும் முன் கீழே உள்ளவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. புஜாங்கோ, சோலில் உள்ளவர்கள் எழும்பும் வரை எழும்பமாட்டார். சோலில் பொழுது எங்களுக்கு மூன்று நான்கு மணி பிந்தித்தான் சாயும். ஐந்து மணிக்கு ஷெரில் "ஸீ யா, லவ்ஸ்" என்று கைப்பையோடு போய்விடுவாள். நான் ஒரு தமிழ்ச் சமரசம் கண்டுபிடித்தேன். கோட்டைக் கழற்றிக் கதிரையில் மாட்டிவிட்டு, கழிவறைக்குப் போகிறவனைப் போல வெளியே போய் பஸ் பிடித்துவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு நாதன் இங்கேதான் எங்கோ இருக்கிறான்.

ஒரு காலை என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் நாதன், உங்கள் கோட் நல்ல உழைப்பாளி. நேற்று ஒன்பது மணி வரை இருந்தது."

நான் திரும்பி, கதிரையில் தொங்கிய கோட்டைப் பார்த்தேன்.

"உங்கள் பிள்ளைகள் சின்னவர்கள்," என்றார். "கோட் இருக்கட்டும். நீங்கள் போங்கள்."

அதன் பிறகு குளிர் நாட்களில் நான் கோட் இல்லாமல் நடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது வழக்கமாயிற்று. மனிசி, "அந்த ஒஃபிஸிலை உங்களைக் கோட்டைக் கழட்டிப்போட்டே அனுப்பினம்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். முழுப் பொய் என்று சொல்லமுடியாது.

புதிய கிளைத் தலைவர் வரப்போகிறார் என்ற செய்தி ஒரு கோடைகாலத்தின் முடிவில் வந்தது. கிளைத் தலைவருக்கு ஜிசாஜாங் என்று பெயர். முன்பிருந்தவர் நான் சேரும் முன்பே ஊருக்குத் திரும்பிவிட்டார். காலியாக இருந்த அந்தக் கதிரை புஜாங்குக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். வருகிறவர் யார் என்று அறிந்த அன்று புஜாங் என்னைக் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போனார்.

"அவர் என் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கீழ் வகுப்பு. மூன்று வயது இளையவர். பணமில்லாத நாளில் நான் நூடில்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்போது எனக்கு மேலே வருகிறார். எங்கள் நாட்டில் இதற்கு ஒரு வழி உண்டு."

"என்ன வழி?"

"நான் போய்விடுவது."

சொல்லிவிட்டுச் சிகரெட்டைப் பார்த்தார். இளையவனை மேலே வைத்தால் மூத்தவன் தானாகவே ராஜினாமா எழுதுவான், யாரும் யாரையும் வேலையை விட்டு நிறுத்தவேண்டியதில்லை. இதைச் சோல் நன்றாகத் தெரிந்துதான் செய்திருக்கிறது.

"போவீர்களா?"

"மகளுக்குக் கடைசி வகுப்பு. எங்கள் வீசா என் வேலையோடு ஒட்டியிருக்கிறது. இப்போது போனால் அவளும் வரவேண்டும். ஆறு வருடம் இங்கே படித்த பிள்ளை அங்கே போய்ப் பரீட்சை எழுதமுடியாது. அவளுக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் வரை நான் போகமுடியாது." சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு, "ஒரு வருடம்," என்றார். சுலபமான ஒரு வருடத்தைச் சொல்கிற மாதிரி இல்லை.

ஜிசாஜாங் வந்தார். கொடூரமான ஒருவரை எதிர்பார்த்து நான் தயாராக இருந்தேன். வந்தவர் கன்னத்தில் குழி விழச் சிரிக்கிற, எல்லோருடைய பிள்ளைகளின் பெயரையும் கேட்டு ஞாபகம் வைக்கிற மனிதர். அறைக்குள் நுழைந்ததும் அவர் செய்த முதல் காரியம், புஜாங்கின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "சொன்பே!" என்று கண் கலங்கியதுதான். சொன்பே என்றால் தனக்கு மூத்தவர். புஜாங் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, கோட்டுப் பொத்தானைப் பூட்டி, இடுப்பு வரை குனிந்து, "ஜிசாஜாங்-நிம்," என்றார். அந்த 'நிம்' எங்கள் 'ஐயா'.

அன்றிலிருந்து இது தினமும் நடந்தது. அவர் சொன்பே என்பார், இவர் ஜிசாஜாங்-நிம் என்பார். அவர் எழுந்து வந்து கோப்பி கொடுப்பார், இவர் நின்றபடி வாங்கி, முகத்தை அப்பால் திருப்பிக் குடிப்பார். மூத்தவர் முன்னிலையில் இளையவன் மது குடிக்கும்போது செய்கிற மரியாதை அது. கோப்பிக்குச் செய்து நான் பார்த்தது அவரிடம் மட்டும்தான்.

வரவேற்பு விருந்துக்கு ஒரு கொரிய உணவகத்துக்குப் போனோம். சுவரோரத்து மேலிடத்துக் கதிரையை ஜிசாஜாங் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "சொன்பே, இன்றைக்காவது," என்றார். புஜாங் கதவுக்குப் பக்கத்துக் கதிரைக்குப் போய் அதன் பின்னால் நின்றுகொண்டார். அவர் இங்கே வந்து முழங்கையைப் பிடித்தார். இவர் ஒரு அடி பின்வாங்கினார். அவர் கெஞ்ச, இவர் குனிய, அவரும் குனிய, மேசை நடுவில் இருந்த அடுப்பில் இறைச்சி கருகத் தொடங்கியது. ஷெரில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், "கடவுளே, எனக்குப் பசிக்கிறது," என்று சொல்லிவிட்டுப் போய் மேலிடத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

இரண்டு கொரியர்களும் அவளை ஒரு கணம் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். அன்று மாலை முழுக்க ஷெரிலுக்கு இருவரும் மாறி மாறி ஊற்றிக் கொடுத்தார்கள். கொரியர்களின் மரியாதையே மரியாதை என்று அவள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரியவில்லை. மறுநாள் புஜாங்கிடம் கேட்டேன். "அவர் பாசமாகத்தானே கூப்பிடுகிறார். ஒரு நாளைக்கு அந்தக் கதிரையில் இருந்தால் என்ன?"

"இருந்தால் நான் அவருக்கு மூத்தவன் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டதாகும். அடுத்த நாள் காலை அந்த மூத்தவன் இளையவனுடைய மேசைக்கு முன்னால் நின்று கையெழுத்துக் கேட்கமுடியுமா? நானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான்." சிரித்தார். "என்னை யாரும் தள்ளமாட்டார்கள், மிஸ்டர் நாதன். மரியாதை கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்."

"அவர் தெரிந்துதான் செய்கிறாரா?"

"பாதி தெரிந்து. பாதி, உண்மையாகவே என்மேல் அன்பு. அந்தப் பாதிதான் கஷ்டம்."

இப்படி மாதங்கள் போயின. தவறு கண்டுபிடிக்கமுடியாத மரியாதையோடு அவர் கீழிடத்தில் உட்கார்ந்திருந்தார். பார்க்கிற எங்களுக்கே சில நாள் மூச்சு முட்டியது. அவருடைய கறுப்பு மயிரில் அந்தக் குளிர்காலத்தில் சாம்பல் ஏறியது. மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டால் மட்டும் முகம் தளரும். "கணிதம் பரவாயில்லை. ஆங்கிலம் என்னைவிட நன்று. கொரிய மொழியில்தான் என்னை 'நீ' என்கிறாள்," என்பார் பெருமையும் திகிலுமாக.

அந்த நேரம் பார்த்து நான் லின்ஃபீல்டில் வீடு வாங்கினேன். மோர்ட்கேஜ் எடுத்தவனுக்குப் புதுவீடு புகுகிற குடிபூரல் வைக்காவிட்டால் தூக்கம் வராது. சனங்கள் வந்து போன பிறகு, ஒரு ஞாயிறு மத்தியானம் ஒஃபிஸ் ஆட்களுக்குத் தனியாகச் சாப்பாடு என்று மனிசி முடிவு செய்தாள். ஷெரில் வரமுடியாது என்றுவிட்டாள். இரண்டு கொரியர்களும் வருவதாகச் சொன்னார்கள்.

நான் சாப்பாட்டு அறையில் நின்று கதவுகளைப் பார்த்தேன். ஹோல் பக்கம் ஒன்று, குசினிப் பக்கம் ஒன்று, தோட்டத்துக்குப் போகும் கண்ணாடிக் கதவு ஒன்று. எந்தக் கதிரையைப் போட்டாலும் ஏதோ ஒரு கதவுக்குப் பக்கம். இவ்வளவு பாதுகாப்பான வீட்டை நான் தெரியாமலே வாங்கியிருக்கிறேன் என்று மகிழ்ந்துபோனேன். மனிசியிடம் எல்லாம் விளங்கப்படுத்தவில்லை. இடத்தைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு அவளுடைய அகப்பை ஞாபகத்துக்கு வரவில்லை.

எல்லோரும் உட்கார்ந்தோம். ஜிசாஜாங் மூன்று கதவுகளையும் பார்த்து ஒன்றும் விளங்காமல் கண்ணாடிப் பக்கம் இருந்தார். புஜாங் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நல்ல வேலை என்று அர்த்தம். அப்போது மனிசி சோற்றுச் சட்டியோடு வந்து நின்று, தன் நல்ல ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உங்கள் இரண்டு பேரிலும் ஆர் மூத்தவர்? மூத்தவருக்குத்தான் முதல் போடுவேன்."

அலுவலகத்தில் ஏழெட்டு மாதங்களாக ஒருவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது. ஜிசாஜாங்கின் முகம் மலர்ந்தது. இதோ, யாருமே திட்டமிடாமல், ஒரு வீட்டுக்காரி கேட்கிறாள். அவர் கை தானாகவே புஜாங்கின் பக்கம் நீளத் தொடங்கியது. நான் தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி இருந்தேன்.

புஜாங் மனிசியைப் பார்த்து, அமைதியாக, "ஜிசாஜாங்-நிம் மூத்தவர். எனக்கு மூன்று வயது மூத்தவர்," என்றார்.

நீண்ட கை அந்தரத்தில் நின்றது.

மனிசி சாம்பல் தலையைப் பார்த்தாள். கறுகறுவென்ற தலையைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பித் தமிழில், "இந்தாள் வீட்டிலை கண்ணாடி இல்லையோ?" என்றாள்.

"போடும், போடும்," என்றேன்.

அவள் ஜிசாஜாங்குக்கு முதலில் போட்டாள். பிறகு புஜாங்குக்கு. ஆனால் கொரியர்களிடம் இன்னொன்று உண்டு: மூத்தவர் கரண்டியை எடுக்கும் வரை இளையவர் தொடமாட்டார். புஜாங் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு முன்னால் கத்தரிக்காய்க் கறியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ஜிசாஜாங் தன் தட்டைப் பார்த்தபடி இருந்தார். ஒரு காலத்தில் தனக்கு நூடில்ஸ் வாங்கித் தந்தவர், தான் எடுத்த பிறகு சாப்பிடுவதற்காக எதிரே குனிந்து இருக்கிறார். கரண்டியை எடுக்காமல் விட்டால் அந்தப் பொய்யைப் பொய் என்று சொன்னதாகும். எடுத்தால் அதை ஏற்றுக்கொண்டதாகும்.

"என்னப்பா, உறைப்பெண்டு பயப்பிடினமோ?" என்று மனிசி மெல்லக் கேட்டாள்.

ஜிசாஜாங் கரண்டியை எடுத்தார். ஒரு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்பு என்று மனிசி ஓடிப்போய்த் தயிர் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகுதான் புஜாங் தன் கரண்டியை எடுத்தார்.

திங்கட்கிழமையிலிருந்து அலுவலகத்தில் சொன்பே என்ற சத்தமே இல்லை. ஜிசாஜாங் அவரைப் புஜாங் என்று மட்டும் அழைத்தார். கோப்பி கொண்டுவருவதும் நின்றது. அன்பு போய்விட்டது என்று ஷெரில் வருத்தப்பட்டாள். அவளுக்கு என்னத்தைச் சொல்வது? அந்த மனிதர் தன்னால் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பரிசைக் கொடுத்துக்கொண்டிருந்தார். தன் மூத்தவரைச் சாதாரண ஒரு கீழதிகாரியாக நடத்தினார். புஜாங் ஏன் இன்னும் போகவில்லை என்று சோலிலிருந்து கேட்டிருப்பார்கள்; அந்த அழைப்புகளில் ஜிசாஜாங்கின் குரல் உயர்வதையும், பிறகு கண்ணாடி அறைக்குள் நின்று தொலைபேசிக்கு நெடுநேரம் குனிவதையும் நான் பார்த்தேன்.

அடுத்த கோடையில் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. செய்தி வந்த மறுநாள் புஜாங் வெள்ளை உறை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனார். ஜிசாஜாங் எழுந்து, மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். இருவரும் குனிந்தார்கள். யார் முதலில் நிமிர்வதென்று இப்போது இருவருக்கும் தெரியவில்லை. குனிந்தபடியே நின்றார்கள். "ஆராவது போய் நிமிர்த்திவிடுங்களேன்," என்றாள் ஷெரில்.

புஜாங்கின் மனைவி முன்னமே ஊர் போய்விட்டார். மகளிடம் அவள் ஹொஸ்டலிலேயே விடைபெற்றுக்கொண்டு, விமானநிலையத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். கொம்பனிக் காரையும் வேண்டாம் என்றார். என்னுடைய காரில் கொண்டுபோய் விட்டேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. சோலில் வேலை தேடினார் என்றும், கிடைக்காமல் தெற்கே எங்கோ கடை வைத்தார் என்றும் யாரோ சொன்னார்கள். ஜிசாஜாங்கிடம் கேட்டிருக்கலாம். ஆனால் கிளையை மூடியபோது அவரும் போய்விட்டார். சில ஞாயிறு மத்தியானங்களில், ஒரு காரணமும் இல்லாமல், எழுந்து அந்த மனிதரிடம் போய்ப் பேசிக்கொண்டிருக்கவேண்டும் போல இருக்கும். போக ஒரு விலாசம் இல்லை.

அன்று காரில் ஏறியதும் அவர் டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். மவுன்ட் வெலிங்டன் தாண்டினோம். பிறகு சொன்னார்.

"உன் பிறந்தநாளுக்கு ஷெரில் கேக் கொண்டுவந்தாள். ஞாபகமா?"

"ஓம்."

"அன்றைக்குத்தான் கணக்குப் பார்த்தேன். நானும் நீயும் ஒரே வருடம். எங்கள் நாட்டில் ஒரே வருடத்தில் பிறந்தவன்தான் நண்பன். மற்றவர்கள் எல்லாம் மேலே அல்லது கீழே. இந்த ஊரில் எனக்கு ஒரே வருடத்துக்காரன் நீ ஒருத்தன்தான்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"நான் புஜாங்." அவர் தோளைக் குலுக்கினார். "இன்று காலையிலிருந்து ஒன்றுமில்லை. இப்போது சொல்லலாம். உன் டைகள் எல்லாம் படுமோசம்."

"என்ன?"

"ஒவ்வொரு டையும். மூன்று வருடமாக. அந்த மஞ்சள் டையைப் போட்டுக்கொண்டு நீ வருகிற நாளில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி இருப்பேன். இப்போது நீ சொல். நண்பன் திட்டினால் திருப்பித் திட்டவேண்டும்."

நான் தேடினேன். எவ்வளவோ படித்தவன், வாயைத் திறந்தால் பகிடி விடுகிறவன் என்று பெயர் எடுத்தவன். அந்த மனிதரைத் திட்ட ஒரு சொல் வரவில்லை. கடைசியில், "உங்கள் பாட்டு... கரோகேயில்... காது கொடுத்துக் கேட்க முடியாது," என்றேன்.

அவர் சிரித்தார். வாயை மூடாமல், கையால் மறைக்காமல், டாஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்படி ஒரு சத்தம் அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. "இன்னும் சொல், இன்னும்," என்றார்.

அன்று பார்த்து றோட்டில் ஒரு நெரிசலும் இல்லை. வழக்கமாக அந்த வழியில் கார்கள் கோர்த்துக்கொண்டு நிற்கும். எல்லாப் பச்சை விளக்கும் எங்களுக்கென்றே விழுந்தன. நான் இடது ஓரத்துக்கு ஒதுங்கி, காலை அக்சிலரேட்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அதன் பின்னால் ஒரு கிழவி, சின்னக் காரில், கையை ஆட்டித் திட்டிக்கொண்டு போனாள்.

அவர் வேகமானியைக் குனிந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

"இன்னும் மெதுவாகப் போ," என்றார்.